கையில் போனோடு வடகரையில்

மழை வருமுன்பே கொடியில் கிடக்கும் உடுப்புகளை அள்ளி வீட்டுக்குள் போட்டுவிட்டு, மழை வராவிட்டால் திரும்பவும் கொண்டுபோய்க் காயப்போடுகிற ஆள் நான். காஸ் சிலிண்டரைப் பூட்டினேனா என்று பார்க்க பஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடி வந்திருக்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் என் பயம் ஒரு பகிடி. அப்படிப்பட்டவளிடம், ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வரப்போகிற ஒரு பின்னேரத்தில், கடலுக்குப் போய்க் குளித்துவிட்டு வருவோம் என்று ஒருவர் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? கூப்பிட்டவர் என் கணவர். வரப்போகிற அழைப்பும் அவரைப் பற்றியதுதான்.

அவருக்கு இடது காதுக்குக் கீழே, கழுத்தில் ஒரு கட்டி. முதலில் புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. தலைமயிர் வெட்டப் போன இடத்தில் சலூன்காரர்தான் அதைத் தடவிப் பார்த்து, இதை ஒருக்கால் டொக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினாராம். இல்லாத நோய் வருத்தத்தை எல்லாம் தேடுகிற நான் வீட்டில் இருக்க, இருக்கிற வருத்தத்தை சலூன்காரர் கண்டுபிடித்தார் என்பதில் எனக்கு இன்னும் கோபம்தான். மன்னார் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அந்தக் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். முடிவு வர நாளாகும் என்றார்கள். அது வரும் வரைக்கும் நான் சாப்பிட்டதும் தூங்கியதும் பேருக்குத்தான்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. அவர் எங்கே இருந்தாலும் என் கண் அவரது கழுத்துக்குப் போய்விடும். சோறு போடும்போது, கடை பூட்டிவிட்டு வரும்போது, தொழுதுவிட்டு சலாம் கொடுக்கத் தலையைத் திருப்பும்போது. வலப்பக்கம் திருப்பினால் கட்டி நன்றாகத் தெரியும். நேற்றைவிட இன்றைக்குப் பெரிதா, சிவந்திருக்கிறதா என்று மனதுக்குள் அளந்துகொண்டே இருப்பேன். மனுசன் என்ன கேட்டாலும் பதில் சொல்வேன். என்ன கேட்டார் என்பது ஞாபகம் இருக்காது.

ஆஸ்பத்திரியில் எங்களுக்குத் தெரிந்த ஒரு தாதி இருந்தா. முடிவு வந்தவுடன் தானே அழைத்துச் சொல்வதாக அவ சொல்லியிருந்தா. என் கணவரின் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். என் போனை மகள் பின்னேரம் முழுக்க ஒன்லைன் வகுப்புக்கு வைத்திருப்பாள். உயர்தரம் படிக்கிறவளிடம் அதைப் பிடுங்க முடியாது. அன்று காலையில் அந்தத் தாதி அழைத்து, இண்டைக்குப் பின்னேரம் வரும் போலத் தெரியுது, வந்ததும் சொல்கிறேன் என்றா. லுஹர் தொழுதுவிட்டு நான், அவர் வீட்டில் விட்டுப்போன போனுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் இரும்புக் கடையைப் பாதி நாளில் பூட்டிவிட்டு வந்து, துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு என் முன்னால் நின்றார்.

"போனை நீயே பிடிச்சுக்கொண்டு வா. வீட்டில அடிச்சாலும் கடலில அடிச்சாலும் ஒண்டுதானே," என்றார்.

 அபாயாவை மாட்டிக்கொண்டு, போனை ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்து, பிறகு நம்பிக்கை இல்லாமல் எடுத்துக் கையிலேயே பிடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினேன். அவசரத்தில் வாசிக்கிற கண்ணாடியை மேசையில் விட்டுவிட்டேன். தலைமன்னார் வீதியில் ஏறிய பிறகுதான் அது ஞாபகம் வந்தது. திரும்புவோமா என்று கேட்க நினைத்தேன். கண்ணாடி போட்டா போன் கோல் எடுக்கப்போகிறாய் என்று சிரிப்பார் என்று விட்டுவிட்டேன்.

நான் நானாட்டான் பக்கத்தில் வயலுக்கும் குளத்துக்கும் நடுவில் பிறந்தவள். கலியாணம் கட்டித்தான் மன்னார்த் தீவுக்கு வந்தேன். இங்கே வந்து எத்தனையோ வருசமாகியும் கடலை எனக்கு முழுதாக விளங்காது. அவரோ தலைமன்னார்ப் பக்கத்தில் கரையோரமாகவே வளர்ந்தவர். தெற்கிலிருந்து சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் தென்கரைக்குப் போகக் கூடாது, வடகரைதான் தண்ணீர் தூங்கும் என்பார். அன்றும் சோளகம்தான். தெற்கே வரிசையாக நிற்கிற மின்சாரக் காற்றாடிகள் விசர் பிடித்த மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தன. வீதியில் கழுதைகள் காற்றுக்கு முதுகைக் காட்டி அசையாமல் நின்றன. மணல் வந்து முகத்தில் அடித்தது. இந்தக் காற்றுக்குள் போன் அடித்தால் கேட்குமா என்று அதை முக்காட்டுக்கு மேலால் காதோடு வைத்துப் பிடித்துக்கொண்டு போனேன். எதிரே வந்தவர்கள் நான் யாரோடோ கதைத்துக்கொண்டு போவதாக நினைத்திருப்பார்கள்.

பிரதான வீதியிலிருந்து வடக்கே இறங்கினால் பனைகளுக்கும் உடைமரங்களுக்கும் நடுவே ஒரு மணல் பாதை. அது முடிகிற இடத்தில் கரை வளைந்து ஒரு சின்னக் குடா. வெளியூர்க்காரர் யாரும் வருவதில்லை. பெயர்ப்பலகையும் இல்லை, கடையும் இல்லை. கவிழ்த்து வைத்த இரண்டொரு வள்ளம், கரையில் ஒதுங்கிக் காய்ந்துபோன சாதாளை என்கிற கடற்புல், அவ்வளவுதான். பனைகள் காற்றை மறித்துக்கொள்வதால் அங்கே அலை என்று ஒன்றும் பெரிதாக இல்லை. எங்கள் ஊர்க் குளத்தைப் போலக் கிடந்தது கடல். நெடுந்தூரம் நடந்துபோனாலும் தண்ணீர் இடுப்புக்கு மேல் வராது. பெண்கள் பயமில்லாமல் இறங்கக்கூடிய இடம். அன்றைக்கு ஒரு இளம் தாய் மட்டும் தன் சின்ன மகளைக் கரையோரத்தில் இருத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தா.

அவர் சேட்டைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டுத் தண்ணீருக்குள் நடந்தார். ஊசி போட்ட இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் எரியுமே என்றேன். அது எப்போதோ ஆறிவிட்டது என்றார். சொறிமீன் இருக்கும், கடித்துவிடும் என்றேன். இந்த மாதத்தில் சொறி வராது என்றார். தூரத்துக்குப் போகாதீர்கள் என்றேன். அவர் நடந்துகொண்டே போனார். இடுப்பளவு வந்ததும் தண்ணீருக்குள் சப்பணம் கட்டி உட்கார்ந்துகொண்டார் போல. தலை மட்டும் வெளியே தெரிந்தது.

நான் ஒரு வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து போனைப் பார்த்தேன். சிக்னல் கோடுகள் ஒன்று குறையாமல் நின்றன. வீட்டில்கூட அவ்வளவு இருக்காது. அல்ஹம்துலில்லாஹ் என்று கொஞ்சம் மூச்சு விட்டேன். ஆனால் போன் அடிக்கவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. நல்ல செய்தி என்றால் இதற்குள் சொல்லியிருப்பா, கெட்ட செய்தி என்பதால்தான் யோசிக்கிறா என்று ஒரு மனம் சொன்னது. கெட்ட செய்தி என்றால்தான் உடனே சொல்லியிருப்பா என்று அடுத்த மனம். தெரிந்த எல்லா துஆவையும் ஓதினேன். ஓதி முடிக்கிற இடத்திலெல்லாம் போனைத் திருப்பிப் பார்த்தேன். கோடுகள் அப்படியே இருந்தன.

ஒருவேளை தாதி அவரது நம்பரைத் தொலைத்துவிட்டு வீட்டுக்கே ஆள் அனுப்பியிருந்தால்? உடனே மகளுக்கு அழைத்தேன். போகவில்லை. திரும்பவும் அழைத்தேன். டூ டூ என்று ஒரு சத்தம் வந்து நின்றுவிட்டது. திரையில் ஏதோ எழுத்து வந்தது. கண்ணாடி இல்லாமல் அது எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரித்தான் இருந்தது. எழுந்துபோய் அந்த இளம் தாயிடம் போனைக் கொடுத்து, இதில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள் பிள்ளை என்றேன். அவ ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தா.

"இது அக்கரை இந்தியா டவர் அக்கா. இஞ்ச அதுதான் பிடிக்கும். கோடு நிறையக் காட்டும், ஆனா ஒரு கோலும் வராது, போகாது. பனையடிக்கு அங்கால போனாத்தான் எங்கடது வரும்," என்றா. சொல்லிவிட்டு, உங்களுக்குத் தெரியாதா என்பதுபோல என்னைப் பார்த்தா.

எனக்குத் தெரியாது. இத்தனை வருசத்தில் கடற்கரையில் இருந்துகொண்டு போனுக்காகக் காத்திருக்கும் தேவை எனக்கு வந்ததில்லை. போனை அவவிடமே கொடுத்து, கொஞ்சம் பிடியுங்கள் பிள்ளை என்று சொல்லிவிட்டு, உடுத்திருந்த அபாயாவோடு தண்ணீருக்குள் இறங்கினேன். ஈரம் ஏற ஏற அது காலைப் பிடித்து இழுத்தது. இரண்டு தரம் தடுக்கினேன். தாதி அங்கே போன் அடித்து அடித்துக் களைத்துப்போய் விட்டிருப்பா, நாங்கள் இங்கே குளித்துக்கொண்டு கிடக்கிறோம் என்று நினைத்து நினைத்து நடந்தேன். அவருக்குக் கிட்டப் போனதும் மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். இங்கே கோல் வராதாம், இந்தியா டவராம், எழும்புங்கோ, போவோம்.

அவர் எழும்பவில்லை. "தெரியும்," என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. வந்ததே கோபம். நடுக்கடலில் என்றும் பாராமல் கத்தினேன். என்னை விசரி ஆக்கவா கூட்டிக்கொண்டு வந்தீர்கள், கையில் போனைத் தந்து ஏமாற்ற நான் சின்னப் பிள்ளையா, முடிவு என்ன என்று உங்களுக்கு வேண்டாமென்றால் எனக்கு வேண்டும், எனக்கு வேண்டும் என்று சொல்லிச் சொல்லி அழுதுவிட்டேன். கரையில் அந்தத் தாய் மகளைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டா. அவர் அப்படியே தண்ணீருக்குள் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் அவரது தாடைக்கு நேராக நின்றது. அதற்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

"முடிவு ஓடிப் போகாது. இண்டைக்கு இல்லாட்டி நாளைக்குத் தெரியும்," என்றார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார். "இவ்வளவு நாளும் நீ என்ர முகத்தைப் பார்க்கயில்ல. கழுத்தைத்தான் பார்க்கிறாய். தண்ணிக்குள்ள இருந்தா அது தெரியாது எண்டு நினைச்சன்."

 தண்ணீருக்குள் அப்படியே நின்றேன். கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு கத்த வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே எழும்பி, சரி வா, போவம் என்றார். என் கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். போனை வாங்கிக்கொண்டோம்.  அல்லாவே என்று நான் அழுதது கரைக்குக் கேட்டிருக்கும் போல. அந்தத் தாய், தன் வழக்கப்படி, மாதா துணை இருப்பா அக்கா என்று மட்டும் சொன்னா.

ஈர அபாயாவோடு மோட்டார் சைக்கிளில் ஏறினேன். பனையடியைத் தாண்டிக் கொஞ்சத் தூரம்தான் போயிருப்போம். என் கைக்குள் போன் நடுங்கத் தொடங்கியது. தவறிய அழைப்புகளின் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவர் ஓரமாக நிறுத்தினார். நான் திருப்பி அழைக்குமுன் அந்தத் தாதியே மறுபடியும் அழைத்துவிட்டா. எவ்வளவு நேரமாக அடிக்கிறேன், எங்கே போனீர்கள் என்று கேட்டா. கடலுக்கு என்றேன். 

"அக்கா, ரிப்போட் வந்திட்டுது. நல்ல கட்டி இல்ல. நாளைக்கு விடிய ரெண்டு பேரும் வாங்கோ, டொக்டர் கதைப்பார். கொழும்புக்குத்தான் அனுப்புவினம். மருந்து இருக்கு, பயப்பிடாதீங்கோ."

ஓம் என்றேன். வேறு ஏதும் சொன்னேனா தெரியாது. போனை வைத்த பிறகு பின்சீட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு வீதியைப் பார்த்தபடி இருந்தார். தாதியின் குரல் அவருக்கும் கேட்டிருக்கும். நான் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்கு நேரே அவரது கழுத்துத்தான்.

இறங்கி முன்னால் போய் நின்றேன். முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கப் பார்த்தார், வாய் ஒத்துழைக்கவில்லை. கண்ணில் உப்பு ஏறிச் சிவந்திருந்தது. பயந்துபோயிருந்தார். என்னைவிட அதிகமாகப் பயந்திருந்தார். கடலுக்குப் போவோம் என்று துவாயைப் போட்டுக்கொண்டு நின்றபோதும் அந்தப் பயம் அங்கேதான் இருந்திருக்கும். வீட்டிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போனை அணைத்துக் கைப்பைக்குள் போட்டேன்.

"திருப்புங்கோ," என்றேன்.

"எங்க?"

"கடலுக்கு. மஹ்ரிப் தொழுகைக்கு இன்னும் நேரம் கிடக்கு."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மோட்டார் சைக்கிளைப் பனைகளின் பக்கம் திருப்பினார்.