ஒயின் கடையில் ஒரு முத்தச் சத்தம்

ரங்கூனில், பசுந்தாங் பகுதியில் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒயின் ரெஸ்டாரண்ட் திறந்திருந்தார்கள். என் கூட்டாளிகள் இரண்டு பேரை நான்தான் அழைத்துப் போனேன். கைலி வேண்டாம், பேண்ட் போட்டு வாருங்கள் என்று வீட்டிலேயே சொல்லிவிட்டேன். ரங்கூன் டீக்கடைகளில் ஆளைக் கூப்பிட உதட்டைக் குவித்து முத்தம் கொடுப்பதுபோல் சத்தம் போடுவோமே, அது மட்டும் கூடவே கூடாது என்றேன்.

"பின்ன எப்படிக் கூப்பிடுறது?" என்றான் ஒருவன்.

"விரலைத் தூக்கினாப் போதும். நாலு பேர் மதிக்கிற எடத்துல அப்படித்தான்."

கடையில் போய் உட்கார்ந்ததும் விரலைத் தூக்கிக் காட்டினேன். பரிமாறுகிறவர் என்னைத் தாண்டித் தாண்டிப் போனார். கை வலித்து, கையை மாற்றினேன். ஓடுகிற பஸ்ஸை நிறுத்தப் பார்க்கிறவன்போல இருந்திருப்பேன். கூட்டாளிகள் காலி கிளாஸ்களுடன் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பசி வேறு. என்னை அறியாமல் என் உதடு குவிந்துவிட்டது. மெல்லிய பியானோ இசைக்கு நடுவே அந்த முத்தம் கடை முழுக்கக் கேட்டது. எல்லா மேசையும் திரும்பியது.

பரிமாறுகிறவர் ஓடி வந்து, என் முகத்தை உற்றுப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணே, நீங்களா? முன்ன டீக்கடையில உங்களுக்கு நான்தானே டீ கொண்டாருவேன். பேண்ட்ல ஆளே தெரியலை. சத்தத்தைக் கேட்டதும் தெரிஞ்சுபோச்சு."