ரப்பர் சாரின் தோல் நோட்டு

நூலகத்தில் அவரை எல்லோரும் ரப்பர் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். திரும்பி வரும் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, வாசகர்கள் போட்ட பென்சில் கோடுகளை அழிப்பார். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ரப்பர் இருக்கும். கடைசியில் பின்னட்டைக்குள் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டில் மட்டும் மையால் எழுதுவார்: திரும்பி வந்தது, சேதம் இல்லை. அதே கட்டடத்தின் பின்னறையில், கிழிந்த புத்தகங்களுக்கு முதுகு தைத்துக்கொண்டிருந்தவள் அவர் மனைவி. "அவர் அழிக்கிறார், நான் ஒட்டுறேன், குடும்பம் ஓடுது" என்று தானே சொல்லிச் சிரிப்பாள்.

இருவரும் ஓய்வுபெற்ற இரண்டாம் வருடம் அவருக்குத் தொண்டையில் கட்டி. அறுவை சிகிச்சையில் குரல் போனது. ஆறு மாதம் தாண்டினால் பெரிது என்று டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தவள் அழவில்லை, ஊசியை எடுத்தாள். இனி எழுதித்தானே பேசுவார்? அப்படியானால் அவர் போன பிறகும் அந்தப் பேச்சு தன்னிடம் இருக்கட்டும். நூலகத்துக் கண்ணாடி அலமாரியில் இருந்த பழைய புத்தகங்களைப் போலவே ஒரு நோட்டு செய்தாள். பழுப்புத் தோல், முதுகில் நான்கு மேடு, பொன்னெழுத்தில் வரிசை எண். பின்னட்டைக்குள் விளையாட்டாக ஒரு தேதிச் சீட்டும் ஒட்டினாள். காகிதத்துக்குத்தான் கடை கடையாக ஏறி இறங்கினாள். எவ்வளவு அழுத்தி எழுதினாலும் பள்ளம் விழாத கெட்டிக் காகிதம்.

அவர் தோலைத் தடவிப் பார்த்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். "இதுல போய்க் கிறுக்கச் சொல்றியே" என்பதுதான் முதல் வரி.

குரல் இருந்த காலத்தில் நாலு வார்த்தை பேசாத மனிதர், அதன் பிறகு எழுதித் தள்ளினார். குழாய் சொட்டுகிறது, காபியில் சர்க்கரை போதவில்லை, உன்னை முதலில் பார்த்தபோது தலைமுடியில் பசை ஒட்டியிருந்தது. அவள் ஈரக்கையோடு நின்று படித்து, பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போவாள். பிறந்து மூன்றே நாளில் போன பிள்ளையைப் பற்றி முப்பது வருடம் வாய் திறக்காதவர், ஒரு மத்தியானம் முழுப் பக்கம் எழுதி நீட்டினார். பாதிக்கு மேல் அவளால் முடியவில்லை. அப்புறம் படிக்கலாம் என்று மூடிவைத்தாள்.

தினமும் பெருக்கும்போது கட்டிலடியில் ரப்பர் தூள் கிடக்கும். "இவ்வளவு தப்பு விட்டா திருத்துறீங்க?" என்று கேலி செய்வாள். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிப் போன பிறகு, அந்தப் பக்கத்தைத் தேடி நோட்டைத் திறந்தாள். முதல் பக்கம் வெள்ளை. அடுத்ததும் வெள்ளை. முழுவதையும் புரட்டினாள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அவள் தேடி வாங்கிய காகிதம், ஒரு கீறலைக்கூட மிச்சம் வைக்கவில்லை. புத்தகத்தில் பென்சில் கோட்டைக் கண்டால் அந்தக் கை சும்மா இருக்காது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் புத்தகத்தையே செய்து கொடுத்திருக்கிறாள்.

தேதிச் சீட்டில் மட்டும் மை இருந்தது. கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய நாளின் தேதி. பக்கத்தில் அவர் கையெழுத்தில்: திரும்பி வந்தது, சேதம் இல்லை.

"சேதம் இல்லையாமே" என்றாள் காலிக் கட்டிலைப் பார்த்து. "பாவி மனுஷா, மீதிப் பாதிய நான் இன்னும் படிக்கலையே."