சைக்கிள் கடையில் நடந்த வழக்கு

பஞ்சர் ஒட்டும் "சொல்யூஷன்" நெடி மூக்கில் ஏறினால் இன்றும் எனக்குத் தலைவலி வந்துவிடும். ஏனென்றால் எழுபதுகளின் கடைசியில், திருவண்ணாமலை செங்கம் சாலையில் அப்பாவும் பெரியப்பாவும் கூட்டாக நடத்திய வாடகை சைக்கிள் கடையில், அந்த நெடியோடு சேர்ந்து ஒரு விவாதமும் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். இந்த உலகத்தை ஒருவன் படைத்தானா, தானாக வந்ததா? பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கே உட்கார்ந்திருக்கும் எனக்குச் சலித்துப்போகும்.

"இந்த சைக்கிள் தானா வந்துச்சாடா? ஒருத்தன் பண்ணான் இல்ல?" என்பார் பெரியப்பா, நெற்றி நிறைய விபூதியோடு டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி.

"பண்ணவன் பேரை முன்னால தகட்டுல அடிச்சிருக்கான். உலகத்துல எங்க அடிச்சிருக்கு, காட்டு. சரி, பண்ணான்னே வச்சிக்க. அவனை யாரு பண்ணது?" என்பார் அப்பா.

"அவரு ஆதி அந்தம் இல்லாதவருடா."

"அப்ப உலகமே ஆதி அந்தம் இல்லாததுன்னு வச்சிக்கயேன். ஒரு ஆள் கம்மியாவும்."

"விதண்டாவாதம்" என்று பெரியப்பா பல்லைக் கடிப்பார். மத்தியானம் இருவரும் ஒரே தூக்குவாளியிலிருந்து சாப்பிடுவார்கள். "மலையே சாமியா நிக்குது, இதுங்களுக்கு என்னா விசாரணை!" என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

எனக்கு ஒன்பது வயதில் டைபாய்டு வந்து மூன்று வாரம் படுத்துவிட்டேன். பயத்தில் அம்மா ஒரு காரியம் செய்தாள்: பிள்ளை பிழைத்தால் என் புருஷன் இவளைத் தோளில் தூக்கிக்கொண்டு, காலில் செருப்பில்லாமல் மலை சுற்றுவார் என்று அவரைக் கேட்காமலேயே வேண்டிக்கொண்டாள். வேண்டுவது ஒருவர், நடப்பது இன்னொருவர் என்பது எங்கள் ஊரில் புதிதல்ல. ஆனால் அப்பா கோயில் வாசலைக்கூட மிதிக்காதவர்.

காய்ச்சல் இறங்கியதும் அம்மா விஷயத்தை உடைத்தாள். "ஊசி போட்டது டாக்டரு" என்றார் அப்பா.

"வேண்டிக்கிட்டது நானுங்க. நீங்க நடக்கலன்னா எனக்குத் தூக்கமே வராதுங்க."

மறுநாள் விடிந்ததும் என்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அடி அண்ணாமலை தாண்டும்போது அவர் கால் வெடித்து ரத்தம் வந்தது. "எறக்கி விடுப்பா, நடக்கிறேன்" என்றேன். "உங்கம்மா தூங்கணும்" என்றார், அவ்வளவுதான்.

நாங்கள் திரும்பியபோது கடை முன்னால் தெருவே கூடியிருந்தது. "தோத்துட்டான் என் தம்பி! படைச்சவன் இருக்கான்னு காலாலயே ஒத்துக்கிட்டான்!" என்று கத்திய பெரியப்பா, எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அப்பா காலைக் கழுவிக்கொண்டு ஸ்பேனரை எடுத்தார். எனக்குப் பெரியப்பா மேல் ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் என் காய்ச்சலால்தானே என்று அழுகையும் வந்தது.

அதற்குப் பிறகு அப்பா விவாதம் செய்யவே இல்லை. பெரியப்பா கோழி முட்டை, கடிகாரம் என்று தினம் ஒரு வாதத்தைக் கொண்டுவருவார். எல்லாவற்றுக்கும் அப்பாவிடம் ஒரே பதில்தான்: "நீ சொன்னா சரிதாண்ணே." திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார் பெரியப்பா. ஒருநாள் அவரே, "அந்த சாமிய யாரு பண்ணதுன்னு கேளுடா" என்று கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார். "வண்டி நிக்குதுண்ணே" என்று எழுந்து போனார் அப்பா. எண்பதுகளின் நடுவில் மாரடைப்பில் அப்பா போகும்வரை அப்படித்தான் இருந்தது.

கடை இருந்த இடத்தில் இப்போது காபி விடுதி. பூட்டிய வாடகை சைக்கிள் வரிசையும் இல்லை, உரக்கச் சண்டை போட்டுவிட்டு ஒன்றாகச் சாப்பிடுகிற அண்ணன் தம்பியும் இல்லை. பெரியப்பாவும் போன மாதம் போய்விட்டார். போவதற்குச் சில நாள் முன்னால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். "அவன் நடந்தது சாமிக்கு இல்லம்மா, உங்கம்மாவுக்கு. எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சேதான் தோத்துட்டான்னு கத்துனேன்" என்றார்.

"இதை அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே பெரியப்பா."

"எத்தனையோ வாட்டி வாய் வரைக்கும் வந்துச்சும்மா. அதுக்கும் அவன் 'சரிதாண்ணே'ன்னுட்டான்னா?"