தயிர்க் கப்பில் நான்காவது நாற்று

அப்பா போன ஆகஸ்டில் இறந்தார். அடெமார் ஒலிவேரா, வயது எழுபத்தாறு. மொந்தேவீதேயோ நகரப் பேருந்தில் முப்பத்தொரு வருஷம் கண்டக்டர். நின்றுகொண்டே வேலை பார்த்ததில் முழங்கால் இரண்டும் போய்விட்டன.

பக்கத்து வீட்டு எல்பியா அத்தை முழங்காலுக்கு ஒரு களிம்பு கொடுப்பார். தன் கொல்லையில் வளரும் கஞ்சாச் செடியின் பூவைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சியது. வலியை முழுதாகப் போக்காது. தடவிக்கொண்டால் அப்பா தூங்குவார், அவ்வளவுதான். சீசா தீரும்போதெல்லாம் போய்க் கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. இறப்பதற்கு முந்தைய செப்டம்பரில் ஒரு நாள் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, தபால் ஆபீஸுக்குப் போய், வீட்டில் செடி வளர்ப்பவராகப் பெயர் பதிந்துவிட்டு வந்தார். எங்கள் நாட்டில் அப்படிப் பதிந்துகொண்டால் சட்டப்படி ஆறு கஞ்சாச் செடி வளர்க்கலாம். அவர் கையில் இருந்தது அத்தை கொடுத்த நான்கு விதை.

கொடுக்கும்போதே அத்தை சொல்லிவிட்டார். "இவ்வளவுதான், அடெமார். இந்த வருஷத்துக்கு என்கிட்ட வேற கிடையாது. பாத்து."

அவர் அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. அம்மா இறந்த கோடையில், அம்மா வளர்த்த பதினேழு தொட்டியும் அப்பாவின் பொறுப்புக்கு வந்தன. மார்ச் முடிவதற்குள் பதினேழும் பட்டுப்போயின. அதிலிருந்து யார் வீட்டில் செடியைப் பார்த்தாலும், "நான் தொட மாட்டேன், என் கை அப்படி" என்று ஒதுங்கிக்கொள்வார். களிம்பெல்லாம் ஒரு சாக்கு. தன் கையில் ஒரு உயிராவது நிற்குமா என்று அவர் பார்த்துவிட வேண்டியிருந்தது. என்னிடம் சொல்லவில்லை. அத்தையிடம் சொல்லியிருந்தார்.

நான் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அளவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிறுதோறும் அப்பா வீட்டுக்குப் போவேன்.

முதல் மூன்று விதைகளை ஈரத் துணியில் சுற்றி இரண்டு தட்டுக்கு நடுவே வைத்தார். மூன்றாம் நாள் வெள்ளை வால் விட்டன. அடியில் துளை போட்ட தயிர்க் கப்புகளில் நட்டு, பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்கள் ஊரில் நாள் முழுக்க வெயில் விழும் வடக்கு ஜன்னலில் வரிசையாக வைத்தார். முளைத்தன. இரண்டு உருண்டை இலை விரிந்தது, நடுவில் ரம்பப் பல்லோடு அடுத்த ஜோடி எட்டிப்பார்த்தது. ஒன்பதாம் நாள் முதல் நாற்றின் தண்டு மண்ணை ஒட்டின இடத்தில் நூலால் இறுக்கியதுபோல் மெலிந்து, சாய்ந்தது. அடுத்த நாள் இரண்டாவது. அதற்கும் அடுத்த நாள் மூன்றாவது.

அத்தை வந்து மூன்றாவது கப்பைத் தூக்கி மோந்து பார்த்தார்.

"என்னய்யா இது, செடியா ஊறுகாயா?"

"உரம் போட்டிருக்கேன். மாத்தே டீ குடிச்ச இலைச் சக்கை."

"உரமா? வெள்ளைத் தாடி முளைச்சிருக்கு பாரு. உன்னைவிட உன் மண்ணுக்கு வயசாயிடுச்சு."

"ஊரே போடுதே. நீயும்தானே போடறே?"

"வளந்த செடிக்குப் போடறேன். பத்து நாள் பிள்ளைக்குச் சுட்ட கறி ஊட்டுவியா?"

மீதி ஒரு விதை மாத்திரை அட்டைப் பெட்டிக்குள் இருந்தது. அப்பா அதை எடுத்துப் பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

அடுத்த ஞாயிறு நான் மண்ணின் ஈரம் காட்டும் கருவி ஒன்று வாங்கிப்போனேன். மண்ணில் குத்தினால் முள் நகரும். குளிர்பெட்டிக் கதவில் ஒரு அட்டவணை ஒட்டினேன். முள் சிவப்புக்கு வந்தால் மட்டும் தண்ணீர், அதுவும் ஓரமாக, நான்கு ஸ்பூன். சக்கை கூடாது. அப்பா மூக்குக்கண்ணாடி போட்டு வரி வரியாகப் படித்தார். அக்டோபர் பன்னிரண்டாம் தேதி நான்காவது விதை முளைத்தது.

ஒரு வாரம் கழித்துப் போனபோது முள் முழு ஈரத்தில் நின்றது.

"அப்பா, தண்ணி ஊத்தினியா?"

"அட்டையில சொன்ன அன்னிக்கு மட்டும். எழுதியே வச்சிருக்கேன், பாத்துக்கோ."

எழுதியிருந்தார், ஒரே ஒரு தடவை. அப்பா பொய் சொல்லும் ஆள் இல்லை. கப்பின் துளைகளைப் பார்த்தேன், அடைப்பு இல்லை. கருவியை வேறு மண்ணில் குத்திப் பார்த்தேன், கோளாறு இல்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னலருகே உட்கார்ந்தோம். அப்பா பிளாஸ்க்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு இலை போட்ட மாத்தே குடுவையை எடுத்தார். எங்கள் ஊரில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே குடுவையில் முறை வைத்துக் குடிப்போம். வெந்நீர் ஊற்றி அவர் உறிஞ்சினார். மறுபடி ஊற்றி என்னிடம் நீட்டினார். நான் குடித்துத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்து பிளாஸ்க் மூடியில் கொஞ்சம் ஊற்றி, ஊதி ஊதி ஆறவைத்து, தயிர்க் கப்பில் சாய்த்தார்.

"அப்பா! என்ன பண்றே?"

"ஏன் கத்தறே? அதோட முறை வந்துச்சு."

"முறையா?"

"மூணு பேர் உக்காந்திருக்கோம். ரெண்டு பேர் குடிப்போம், ஒருத்தர் நம்ம மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருக்கணுமா? நல்லா இருக்கு நீ படிச்ச படிப்பு."

"ஒரு தடவைதான் ஊத்தினேன்னு சொன்னியே?"

"இது ஊத்தறது இல்லம்மா. கூட உக்காந்து குடிக்கறது."

ஒரு நாளைக்கு அவருக்கு இரண்டு பிளாஸ்க் ஓடும். மனக்கணக்குப் போட்டேன், செடிக்கும் இருபது முறை வரும். அட்டவணையைக் காட்டினேன், கருவியைக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "புரியுது. ஆனா ஊத்தும்போது அது என்னையே பாக்குதே" என்றார். பிறகு பிளாஸ்க்கை அக்குளில் சரிசெய்துகொண்டு, "இன்னும் நாலு ஊத்து வரும். உனக்கு வேணுமா?" என்று கேட்டார்.

பிளாஸ்க்கைத் திறந்து பார்க்கவில்லை, குலுக்கவில்லை, அக்குளில் இருந்த கனத்தை வைத்தே சொன்னார். எண்ணிக்கொண்டே குடித்தேன். சரியாக நான்கு வந்தது.

கப்பை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இது பிளாஸ்க்குன்னு வச்சுக்கோ. எவ்வளவு மிச்சம்?"

மெல்ல ஏற்றி இறக்கிப் பார்த்தார். "முக்காலுக்கு மேல இருக்கு."

"அப்ப அது இன்னும் குடிச்சு முடிக்கல. குடுவையைக் கையில வச்சிருக்கறவங்களுக்கு மேல மேல ஊத்துவியா?"

"எவன் ஊத்துவான்?" என்றவர் கப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன? முள்ளு, சிவப்புன்னு உயிரை வாங்கினியே."

கப்பைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"அப்ப உங்கம்மா தொட்டிங்க?"

"அதுங்களுக்கும் இப்படித்தான் கொடுத்தியா?"

"காலையும் சாயங்காலமும். ஒண்ணையும் விடல."

"மூழ்கிப் போச்சுப்பா."

"அவ இல்லாத ஏக்கத்துல போச்சுன்னு நெனச்சிருந்தேன்" என்றார். பிறகு சிரித்தார். "பதினேழையும் உபசாரம் பண்ணியே அனுப்பியிருக்கேன் பாரு."

அதற்குப் பிறகு கருவி மேஜை இழுப்பறைக்குப் போய்விட்டது. காலையில் கப்பைத் தூக்கிப் பார்ப்பார். வேலை நேரத்தில் எனக்குப் போன் வரும். "அரை." மறுநாள், "கால்." அதற்கு மறுநாள், "காலி. ஊத்தட்டுமா?" ஊற்றச் சொல்வேன். உடனே போனை வைத்துவிடுவார். தண்டு தடித்து மயிர் விட்டது. மூன்று விரல் இலை வந்தது, பிறகு ஐந்து விரல். நவம்பரில் பெயின்ட் வாளிக்கு மாற்றி முற்றத்தில் வைத்தோம். அதைத் தூக்க முடியாமல், ஒரு ஓரத்தைச் சாய்த்துப் பார்த்துச் சொல்லக் கற்றுக்கொண்டார். டிசம்பரில் செடி அவர் இடுப்பைத் தொட்டது. தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். தபால்காரரைக்கூட விடவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு அத்தை வந்தார். கண்ணாடியை மாட்டி, இலைக்காம்பு தண்டில் சேரும் கணுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அங்கே கடுகளவு உருண்டைகள் கொத்தாகத் தொங்கின.

"அடெமார், உக்காரு."

"ஏன்?"

"ஆம்பளை."

ஆண் செடியில் களிம்புக்கான பூ வராது. அந்த உருண்டைகள் வெடித்தால் மகரந்தம் சுவர் தாண்டிப் போய் அத்தையின் ஆறு செடியின் பூவையும் விதை பிடிக்க வைத்துக் கெடுத்துவிடும். வெட்டியே ஆக வேண்டும். இது அப்பாவுக்கும் தெரியும். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"நல்லா இருக்கானா?" என்று கேட்டார்.

"யாரு?"

"இவன்தான். நோய் நொடி, பூச்சி ஏதாவது?"

அத்தை இன்னொரு தடவை இலைகளைப் புரட்டினார். "ஒரு குறையும் இல்ல. என்னோடதுங்களைவிட ஜோரா இருக்கான். வயித்தெரிச்சலா இருக்கு எனக்கு."

"முளைச்சு எத்தனை நாள்?" என்று அப்பா என்னிடம் கேட்டார்.

"எழுபது."

தலையாட்டிக்கொண்டு உள்ளே போய்க் கத்தரி எடுத்து வந்தார். நான் வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. முழங்காலை மடக்க முடியாமல் முற்றத்துத் தரையில் உட்கார்ந்து, அடித்தண்டை அவரே வெட்டினார். இரண்டு அழுத்து அழுத்த வேண்டியிருந்தது, தண்டு அவ்வளவு தடிமன்.

"இது என் கையில சாகல," என்றார் அத்தையிடம். "நான் வெட்டினேன். ரெண்டும் வேற வேற."

"வேறதான்யா," என்றார் அத்தை. தன் செடியிலிருந்து நட ஒரு கிளை தருகிறேன், அது பெண்ணாகத்தான் இருக்கும், நாளைக்கு வந்து வெட்டிக்கொள் என்றார். ஏப்ரலில் களிம்பு வந்தது அதிலிருந்துதான். அத்தை வீட்டு அடுப்பில், இருவரும் சண்டை போட்டுக்கொண்டே காய்ச்சினார்கள்.

அன்றைக்கு ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்து அப்பாவைத் தூக்கி நிறுத்தினோம். கையில் பிசுபிசுத்த பச்சையைக் கால்சட்டையில் துடைத்தார்.

"பசிக்குது. என்ன இருக்கு?" என்றார்.

அம்மா போன பிறகு அவராக அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. ரொட்டித்தூளில் புரட்டிக் கறி பொரித்தேன். மூன்று துண்டு தின்றார்.