இடப்பக்கக் கதவு

நசுங்கிய வண்டிகளைத் தட்டிச் சீராக்கும் டிங்கருக்குக் கைவேலை தங்கம், வாய்தான் கந்தல் என்று அந்தத் தெருவில் சொல்வார்கள். பொய்யில்லை. பெற்ற ஒரே மகனை அந்த வாயால்தான் தொலைத்தார்.

மகன் இடக்கைக்காரன். நசுங்கிய தகட்டுக்கு முன்னால் அப்பனும் மகனும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சுத்தியல் பிடித்தால் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். துருப்பிடித்துக் கிடந்த ஒரு பழைய பிக்கப் வண்டியை இருவருமாகத் தட்டித் தட்டியே ஓட வைத்தார்கள். அப்புறம் ஒரு நாள், அவசர வேலை ஒன்றில், சொட்டையைத் தட்டி எடுக்காமல் மேலே பட்டி என்கிற பூச்சுப் பசையை அப்பி மூடிவிட்டான் பையன். வண்டிக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டிங்கர் அந்தப் பட்டியைச் சுத்தியலால் உடைத்துக் கொட்டி, இதற்கு நீ சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போகலாமே என்றார். என்ன மனுஷனோ! தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பார்? பையன் பிக்கப்பை எடுத்துக்கொண்டு போனவன் போனவன்தான்.

அதிலிருந்து, டிங்கர் உதிரிப் பாகம் தேடிக் காயலான் கடைக்குப் போய்வரும்போதெல்லாம் மனைவி வாசலுக்கே வந்துவிடுவாள். நம்ம வண்டி அங்கே கிடந்ததா என்று கேட்பாள். இல்லை என்று அவர் சொன்னால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! உடைக்க வரவில்லை என்றால் வண்டி எங்கேயோ ஓடுகிறது, வண்டி ஓடினால் பிள்ளை நன்றாக இருக்கிறான். அவள் கணக்கு அவ்வளவுதான். டிங்கரும் அதையே பிடித்துக்கொண்டு காலத்தை ஓட்டினார்.

அப்படி இருக்கையில் கண் டாக்டர் ஒருவர், தன் அப்பா ஓட்டிய பிக்கப்பைப் புதுசு போல ஆக்கித் தரச் சொல்லிக் கொண்டுவந்து நிறுத்தினார். மகன் கொண்டுபோன அதே மாடல். பானெட்டும் மட்கார்டும் அங்கே இங்கே அலைந்து தேறிவிட்டன. இடப்பக்கக் கதவுதான் ஆளைப் படுத்தியது. பழைய கதவு கை வைத்தாலே உதிர்ந்தது, அந்த மாடலோ நின்று எத்தனையோ காலம். டிங்கர் தெரிந்த கடைக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்து, போதாக்குறைக்கு நச்சரிக்கவும் செய்தார். கடைசியில் ஊருக்கு வெளியே இருந்த ஒரு கடையிலிருந்து கூப்பிட்டார்கள்.

கதவு சுவரில் சாய்ந்திருந்தது. சொட்டை இல்லை, நெளிவு இல்லை. டிங்கருக்கு வாயெல்லாம் பல். புரட்டி உள்பக்கத்தைப் பார்த்தார். அடித்தகட்டில் ஒரு ஒட்டு. ஒட்டின் ஒரு பாதியில் சுத்தியல் தடங்கள் வலக்கைக்காரன் தட்டிய சாய்வில் இருந்தன. மறுபாதியில் அவை எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெயில் தாளவில்லை போல என்று நினைத்துக் கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார்.

"ஓட்டுற பக்கத்துக் கதவு இருக்கா?"

"அந்தப் பக்கம் ஒண்ணும் மிஞ்சலண்ணே. லாரி ஏறிடுச்சாம்."

"ஓட்டினவங்க?"

"எங்களுக்கு வண்டி மட்டும்தாண்ணே வரும்."

எந்த ஊரில், எப்போது என்று துருவித் துருவிக் கேட்டார். கை மாறிக் கை மாறி வந்த சரக்கு, தனக்கு ஒன்றும் தெரியாது என்று கையை விரித்தார் கடைக்காரர். கதவு கிடைக்கவில்லை என்று வீட்டில் சொல்லிவிடுவோம், அவளாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று வெறுங்கையோடு கிளம்பினார். வாசல்வரைதான் போக முடிந்தது. அந்தத் தகட்டை அந்தக் குப்பையில் விட்டுவிட்டு வர எந்த அப்பனுக்கு மனசு வரும்? திரும்பிப் போய் ஏற்றிக்கொண்டு வந்தார்.

மனைவி வழக்கம்போல வாசலில் நின்றாள். டிங்கர் கதவை இறக்கி, உள்பக்கம் தெரிகிற மாதிரி சாய்த்து வைத்தார். அவள் குனிந்து ஒட்டின்மேல் விரலை ஓட்டினாள்.

"இது அவன் தட்டினது."

"ஆமா."

"அவன் உக்கார்ற பக்கம்?"

ஊரையே வாயால் அடிக்கிற மனுஷன், வாயைத் திறக்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

"வண்டிய வித்திருப்பான் அவன். கைச்செலவுக்கு இல்லாம யாருக்காவது வித்திருப்பான்."

"வித்திருப்பான்."

"அப்போ ஓட்டினது வேற யாரோதானே? சொல்லுங்க."

"வேற யாரோதான்."

எதிரிக்குக்கூடக் கெடுதல் நினைக்கத் தெரியாதவள் அவள். அன்றைக்கு, செத்தது வேறொருத்தி பெற்ற பிள்ளையாக இருக்க வேண்டும் என்று வாய்விட்டு வேண்டினாள். டிங்கர் தடுக்கவில்லை. அவரும் பக்கத்தில் உட்கார்ந்து அதையேதான் வேண்டிக்கொண்டிருந்தார்.