பச்சைப் புள்ளியும் மாலைச் சங்கும்

கொல்கத்தாவில் பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வீடு சங்கு ஊதுவார்கள். விளக்கேற்றும் நேரத்து மங்கல ஒலியாம். இருக்கட்டும்... நம் ஊர்க் காதுக்குச் சங்கு என்றால் எந்த வீட்டு ஞாபகம் வரும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? இங்கே பாலிகஞ்ச் பகுதிக்குக் குடிவந்து ஆறு வருடம் ஆகிறது. இன்னமும் அந்தச் சத்தம் கேட்டால் திடுக்கிடுவேன்.

போன சனிக்கிழமையும் திடுக்கிட்டேன். திடுக்கிட்டதே நல்லதாகப் போயிற்று!

என் மகள் நிலாவுக்குப் பால் ஆகாது. வயிற்றுவலி, வாந்தி என்று நினைக்காதீர்கள் — தொண்டையே அடைத்துவிடும். போன வருடம் யாரோ ஆசையாக ஊட்டிய ஒரு ஸ்பூன் பாயசத்துக்கு ஆஸ்பத்திரி வரை ஓடினோம். அன்று அவள் மூச்சில் ஒரு விசில் சத்தம் வந்தது. அதை நான் மறக்கவே இல்லை.

குளிர்காலம் வந்தால் இங்கே கடைக்குக் கடை கேக்தான். "எல்லாரும் சாப்பிடறாங்க, எனக்கு மட்டும் கிடையாதா?" என்றாள் நிலா. மனசு கேட்கவில்லை. நம் ஊர் அண்ணாச்சி இங்கே வைத்திருக்கும் கடைக்குப் போனேன்.

"இதுல முட்டை இல்லையே, அண்ணாச்சி?"

"சுத்த சைவம்மா! பச்சைப் புள்ளி போட்டிருக்கு பாருங்க. தைரியமா புள்ளைக்குக் குடுங்க."

பார்த்தேன். வாங்கினேன். கேட்க வேண்டியது பாலைப் பற்றி... வாய் கேட்டதோ முட்டையைப் பற்றி! பிறந்ததிலிருந்து சைவம் பழகிய வாய்.

வீட்டில் பாக்கெட்டைப் பிரித்துக் கேக்கை அவள் கையில் கொடுத்துவிட்டு டீ போடப் போனேன். வெளியே எதிர்வீடு தெரியாத பனிமூட்டம். திடீரென்று கரண்ட் போனது. சளசளவென்று பேசிக்கொண்டிருந்த நிலா சட்டென்று பேச்சை நிறுத்தினாள்.

அந்த நேரம் பார்த்துக் கீழ் வீட்டு பௌதி — அக்கம்பக்கத்து அண்ணிகளை இங்கே அப்படித்தான் அழைப்போம் — சங்கு ஊதினார். நீளமாக.

திடுக்கிட்டுச் சமையல் மேடையில் கிடந்த கேக் கவர் மீது மொபைல் வெளிச்சத்தை அடித்தேன். ஏன் அடித்தேன்? தெரியாது. பச்சைப் புள்ளிக்குக் கீழே, பொடி எழுத்தில் — பால் பவுடர்.

ஹாலுக்கு ஓடினேன். நிலா ஜன்னல் பக்கம் அசையாமல் நின்றாள். கையில் கேக். அதில் ஒரு ஓரத்தைக் காணோம்.

"கடிச்சியா? வாயைத் திற!"

அவள் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. எனக்கு அந்த விசில் சத்தம் கேட்கவே ஆரம்பித்துவிட்டது.

"உஷ்... பறந்துடும்மா," என்றாள் மெதுவாக. "காக்காவுக்கு வெச்சுட்டுத்தானே சாப்பிடணும்?"

தினமும் காலையில் நான் சோறு வைப்பதைப் பார்த்துப் பழகியவள். ஜன்னல் கம்பிக்கு வெளியே அவள் பிய்த்து வைத்த துண்டு, பக்கத்தில் ஒரு காக்கா. இருட்டிய பிறகு ஏது காக்கா? அது கேக் துண்டைப் பார்க்கவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. காக்காவுக்கு யாரை நினைத்து வைக்கிறோம் என்று உங்களுக்கும் தெரியுமே...

கேக்கைப் பிடுங்கி எறிந்து, அவள் கையைக் கழுவி, கட்டிக்கொண்டு அழுதேன்.

முட்டை போடாத கேக் மெத்தென்று வரப் பாலைத்தான் அள்ளிக் கொட்டுகிறார்கள். நிலாவுக்கு அந்தப் பச்சைதான் சிவப்பு விளக்கு! ஆனால் சாமிக்கு அபிஷேகம் செய்கிற பாலில் ஆபத்தைத் தேட நம்மில் யாருக்குத் தோன்றும்?

மறுநாள் காலை ஜன்னலைப் பார்த்தேன். துண்டு வைத்தது வைத்தபடி இருந்தது. மீன் முள்ளைக்கூட விட்டுவைக்காத கொல்கத்தாக் காக்கா அதைத் தொடவே இல்லை.

பச்சைப் புள்ளியை நம்பியது நான் மட்டும்தான் போல!