அங்குலக்காரர்

"ரெண்டு அங்குலம் ஊத்துங்க. நுரையைச் சேர்க்காதீங்க" என்று டீக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் விரித்து அந்த இரண்டு அங்குலத்தைக் காட்டுகிறார். ஊற்றிய பிறகு தம்ளரின் பக்கத்தில் அதே விரல்களை வைத்துச் சரிபார்க்கிறார். ஒத்துவந்தால்தான் வாயில் வைப்பார். ஊரே அவரை அங்குலக்காரர் என்று கூப்பிடுகிறது. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

ஏரி மதகுக்கு அவர்தான் காவலர். இருபத்திரண்டு வருடமாகிறது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு தையற்கார நாடா சுருண்டு கிடக்கும். மகள் வளர்ந்தது, முருங்கை மரம் வளர்ந்தது, வீட்டுச் சுவரில் விரிசல் வளர்ந்தது எல்லாம் அவருக்கு அங்குலத்தில் தெரியும். "முதல் தடவை என்னைப் பார்க்க வந்தப்பவே நாடாவை எடுத்திருப்பாரு. எங்கப்பா பக்கத்துல உட்கார்ந்திருந்தாரு, தப்பிச்சேன்" என்பார் மனைவி.

காலை ஆறு மணிக்கு, தண்ணீர் அசையாமல் கிடக்கும் நேரத்தில், பன்னிரண்டு படி இறங்கிக் குந்துவார். மதகின் பக்கத்தில் நட்டிருக்கும் அளவுக்கல்லில் தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்து, நகரத்துக் குடிநீர் அலுவலகத்தில் இருக்கும் என்ஜினீயருக்குப் போனில் சொல்வார். ஒன்பது அடிக்கு இறங்கினால் வயல் மதகை மூட வேண்டும். மிச்சம் முழுக்க நகரத்தின் குடிதண்ணீர். மதகு அறைச் சுவரில் இதைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் ஒருநாளும் அதைப் படித்ததில்லை, அவருக்கு அது மனப்பாடம்.

வயல்காரர்களுக்கு அவர் ஈரமில்லாத மனிதர். நகரத்துக்காரர்களுக்குத் தண்ணீரை வாய்க்காலில் வாரி விடுகிறவர். ஏரிக்கரையில் உல்லாசப் படகு விடுகிறவருக்கோ மதகு என்று ஒன்று இருப்பதே எரிச்சல். "மூடிட்டுச் சாவியை ஏரிக்குள்ளயே வீசிருங்கண்ணே. சுற்றிப் பார்க்க வர்றவங்க சேத்தையா பார்ப்பாங்க?" என்று தினமும் கேட்பார். அவருடைய படகுகள் இப்போது சேற்றில் ஒருக்களித்துக் கிடக்கின்றன. "உங்களுக்கு இன்னும் பதினெட்டு அங்குலம் வேணும் தம்பி. மேலே பார்த்துக் கேளுங்க" என்று வானத்தைக் காட்டிவிட்டு இவர் நடந்துவிடுவார். மூன்று தரப்பிடமும் திட்டு வாங்கினால் அளவு சரியாக இருக்கிறது என்று அர்த்தம், இது அவர் கட்சி.

இந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. தண்ணீர் ஒன்பது அடிக் கோட்டைத் தொட்ட அன்று அவருடைய அக்கா வந்து நின்றார். வாய்க்காலின் கடைசி வயல் அக்காவுடையது. மாமா போன பிறகு தனியாளாகப் பயிர் வைப்பவர். "பத்து நாள் தண்ணி போதும்டா. கதிர் பால் பிடிக்கிற நேரம். இப்ப நிறுத்தினா மொத்தமும் பதர்தான். அப்புறம் நான் எதை நம்பி இருக்கிறது?" என்றார்.  தம்பி அன்று மதகை மூடும் சக்கரத்தின் பக்கமே போகவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் படி இறங்கவில்லை. மாலை நான்கு மணிக்கு இறங்கினார். அந்த நேரத்தில் எதிர்க்கரையிலிருந்து காற்று வீசித் தண்ணீரை மதகுப் பக்கம் தள்ளும். கல்லில் நாலு அங்குலம் கூடுதலாகத் தெரியும். அதையே போனில் சொன்னார். கல்லில் தெரிந்ததைத்தானே சொன்னோம், பொய்யா சொன்னோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எட்டு நாள் இப்படியே ஓடியது. எட்டு நாளும் வயல் மதகு திறந்தே இருந்தது. அக்காவின் கதிர் தலை சாயத் தொடங்கியது.

எட்டாம் நாள் மனைவி மத்தியான பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிட்டார். வாரம் இரண்டு தடவை நகரத்து ஆஸ்பத்திரியில் அவருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. "மெஷினுக்குத் தண்ணி இல்லையாம். பம்பு சேத்தை இழுக்குதாம். எப்ப சரியாகும்னு அவங்களுக்கே தெரியல" என்று செருப்பைக் கழற்ற முடியாமல் கழற்றினார். அங்குலக்காரர் தரையில் உட்கார்ந்து மனைவியின் கணுக்காலைச் சுற்றி நாடாவை வைத்தார். காலையில் ஒன்பதரை அங்குலம். இப்போது பத்தேகால். கட்டைவிரலால் அழுத்திய குழி மேலே எழும்பவில்லை.

நகரத்துப் பம்பு இருப்பது எதிர்க்கரையில். மதகுப் பக்கம் கூடித் தெரிந்த அந்த நாலு அங்குலத்தைக் காற்று எந்தப் பக்கத்திலிருந்து எடுத்து வந்தது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏரி நாளுக்குக் கிட்டத்தட்ட அரை அங்குலம் இறங்கிக்கொண்டிருந்ததும் தெரியும். தெரிந்துதான் செய்தார். நாடாவைச் சுருட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மனைவி சொன்னார்: "அக்கா வயலுக்கு இன்னும் ரெண்டு நாள்தானே? நான் தாங்கிக்குவேன், விடுங்க." மனைவிக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. அதுதான் மனிதரை உடைத்துவிட்டது.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் படி இறங்கினார். எட்டு அடி எட்டு அங்குலம்.

"நேத்து ஒன்பதுக்கு மேலன்னீங்க. ஒரே நாள்ல நாலு அங்குலம் எங்கய்யா போகும்?" என்றார் என்ஜினீயர்.

"எட்டு நாளாவே ஒன்பது இல்ல சார். சாயங்காலக் காத்துல அளந்து சொன்னேன்."

"மதகை மூடிட்டு ஆபீசுக்கு வாங்க. எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்."

வயல் மதகு முழுக்க மூட முப்பத்துநாலு சுற்று. வழக்கமாகக் கடைசி அரைச் சுற்றை அவர் விட்டுவிடுவார், பலகை தேயும் என்பார். கசிவு கொஞ்சம் வாய்க்காலில் ஓடும். அன்று அந்த அரைச் சுற்றையும் முழு உடம்பையும் போட்டு அழுத்திச் சுற்றினார்.

சத்தம் நின்ற வாய்க்காலின் கரையோடு அக்கா வேகமாக வந்தார். முழங்கால் வரை சேறு. "ரெண்டே நாள்டா" என்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. "கசிவாவது வருமில்ல? எவ்வளவு வரும்?"

எவ்வளவு என்று யார் கேட்டாலும் விரலைத் தூக்குகிற பழக்கம். கை தானாகவே எழுந்தது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.